குடும்பப்பெயரின் முன்னொட்டு இடம் தவறும்போது: மேற்கோள் மென்பொருள்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மதுரையோடு தொடர்புடைய இரண்டு பெயர்களைக் கொண்டு தொடங்குகிறேன். அகஸ்டஸ் டி மோர்கன் என்ற கணித அறிஞர் 1806ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தவர். ராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலியத் துறவி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து தமிழில் எழுதியவர். குடும்பப்பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல்லையே முன்னொட்டு என்கிறேன்; இருவர் பெயரிலும் உரோமன் எழுத்தில் ஒரே ஈரெழுத்து முன்னொட்டுத்தான் (de) இருக்கிறது. ஆனால் ஆங்கில மரபைச் சேர்ந்த டி மோர்கன் நூற்பட்டியலில் 'டி' எழுத்தின் கீழ் நிற்கிறார். தெ நோபிலியையோ பல நூலகப் பட்டியல்கள் 'என்' எழுத்தின் கீழ் வைக்கின்றன. இந்த வேறுபாடு, நூற்பட்டியலைத் தானாக அமைத்துத் தரும் மேற்கோள் மென்பொருளுக்குத் தெரியாது. முன்னொட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதன் முதலெழுத்து சிறியதா பெரியதா என்ற இரண்டை மட்டுமே அது பார்க்கிறது.

ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலைச் சமர்ப்பிப்பதற்கு முன் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில், மற்ற எந்தப் பிழையையும்விட இந்தப் பிழையையே நான் மிகுதியாகத் திருத்தியிருக்கிறேன். ஒருவருடைய பெயரைச் சிதைத்து அச்சிடுவது சிறிய குற்றம் அன்று என்பது என் உறுதியான எண்ணம். தேடுபவர் அந்த நூலைக் கண்டடைய முடியாமல் போவது அதன் நடைமுறை விளைவு. கீழே உள்ளவை அறிகுறிவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணம் முதலிலும், நேரத்தையும் உழைப்பையும் மிகுதியாகக் கேட்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன.

## எதையும் தொடுவதற்கு முன்

உங்கள் நூற்தரவுக் கோப்பின் படி ஒன்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அடுத்து, பிழையாகத் தெரியும் ஆசிரியரின் நூலையோ கட்டுரையையோ திறந்து, அதன் தலைப்புப் பக்கத்தில் அவர் தம் பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறார் என்று எழுத்தின் அளவு உட்படக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, அச்சாகி வந்த பட்டியலைப் பார்ப்பதோடு நில்லாமல், மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, குடும்பப்பெயர்ப் பெட்டியிலும் முதற்பெயர்ப் பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டியலில் கையால் திருத்துவதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். அடுத்த முறை பட்டியல் புதுப்பிக்கப்படும்போது அந்தத் திருத்தம் அழிந்துவிடும், அழிந்தது யார் கண்ணிலும் படாது.

## அறிகுறி 1: முன்னொட்டு, பெயரின் முதலெழுத்துச் சுருக்கமாக மாறிவிடுகிறது

டி மோர்கன் பட்டியலில் 'ஏ. டி. மோர்கன்' என்று ஆகி, 'எம்' எழுத்தின் கீழ்ப் போய் நிற்பது இந்த அறிகுறி. நடுவில் உள்ள 'டி.' முன்னொட்டின் சுருக்கம் என்று எந்த வாசகருக்கும் தோன்றாது. அவருக்கு ஒரு நடுப்பெயர் இருந்தது என்றே எண்ணுவார்.

காற்புள்ளி இல்லாமல் உள்ளிடப்பட்டிருக்கிறதா? லேட்டெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளோடு சேர்ந்து நூற்பட்டியல் ஆக்கும் பிப்டெக்கைப் பயன்படுத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. முதற்பெயரை முன்னே வைத்துக் காற்புள்ளியின்றி எழுதினால், சிறிய எழுத்தில் தொடங்கும் சொல்லை மட்டுமே பிப்டெக் முன்னொட்டாகக் கொள்ளும். டி மோர்கனின் முன்னொட்டு பெரிய எழுத்தில் தொடங்குவதால், கடைசிச் சொல்லான மோர்கனை மட்டும் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் முதற்பெயரில் தள்ளிவிடும். முன்னொட்டோடு கூடிய குடும்பப்பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி இட்டு, அதன்பின் முதற்பெயரை எழுதினால் பிழை அந்த இடத்திலேயே தீரும். எல்லாப் பெயர்களையும் இந்த முறையிலேயே உள்ளிடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்த அறிகுறியில் பெரும்பகுதி வராமலே போகும்.

காற்புள்ளிக்குப் பின்னால் முன்னொட்டு இருக்கிறதா? நூலக அட்டையில் உள்ளபடியே குடும்பப்பெயர், காற்புள்ளி, முதற்பெயர், கடைசியில் 'வான்' என்று படியெடுத்து எழுதுவோர் பலர். பார்ப்பதற்கு இது சரியாகவே தோன்றும். ஆனால் பிப்டெக் காற்புள்ளிக்குப் பின்னால் உள்ள அனைத்தையும் முதற்பெயராகவே கொள்ளும். முதற்பெயரைச் சுருக்கும் மேற்கோள் பாணியில் 'வான்' என்பதும் 'வி.' என்று சுருங்கிவிடும். முன்னொட்டைக் காற்புள்ளிக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.

இறக்குமதியிலேயே தவறு வந்திருக்கிறதா? கட்டுரையின் நிலையான அடையாளமாகிய டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுத்துப் பதிவை இறக்கும்போது, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்குப் பதிப்பகம் கொடுத்த விவரமே நமக்கு வருகிறது. அங்கே முதற்பெயருக்கு ஓர் இடமும் குடும்பப்பெயருக்கு ஓர் இடமும் உண்டு. முன்னொட்டுக்கெனத் தனி இடம் இல்லை. ஆகவே ஒரு பதிப்பகம் முன்னொட்டை முதற்பெயரோடும், இன்னொன்று குடும்பப்பெயரோடும் சேர்த்து அனுப்புகிறது. இறக்கிய பதிவுகளைக் குடும்பப்பெயர் வரிசையில் அடுக்கி, முதற்பெயர்ப் பெட்டியின் கடைசிச் சொல்லை மட்டும் கண்ணோட்டமாகப் பார்த்துச் சென்றால், சில நூறு பதிவுகளையும் ஓர் அமர்வில் சரிபார்த்துவிடலாம்.

ஆயிரக்கணக்கான பதிவுகளில் இது பரவியிருந்தால், கையால் திருத்துவதைவிட நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே முறை. ஆனால் மாற்ற வேண்டிய பெயர்களின் பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். 'டி என்று இருப்பதையெல்லாம் மாற்று' என்ற பொதுக் கட்டளை, உண்மையாகவே 'டி.' என்ற நடுவெழுத்தைக் கொண்டவர்களின் பெயர்களையும் கெடுத்துவிடும்.

## அறிகுறி 2: பெயர் முழுமையாக இருக்கிறது, ஆனால் தவறான எழுத்தின் கீழ் வரிசைப்பட்டிருக்கிறது

இந்த அறிகுறியில் முதல் வேலை, 'சரியான எழுத்து' எது என்று முடிவு செய்வது. எழுத்து அமைப்பு ஒன்றாக இருந்தாலும் வரிசை மரபு ஆசிரியரின் மொழியையும் நாட்டையும் பொறுத்து மாறுகிறது.

செருமானியப் பெயர்களில் 'ஃபொன்' பின்னால் போகும்: ஹும்போல்ட் 'எச்' எழுத்தில், கோதே 'ஜி' எழுத்தில் வருவார்கள். ஆனால் 'த்சூர்', 'ஃபொம்' போல முன்னிடைச்சொல்லும், ஆங்கிலத்தின் 'தி' போன்ற சுட்டும் ஒட்டிய வடிவங்கள் முன்னாலேயே நிற்கும். நெதர்லாந்துப் பெயர்களில் 'வான்', 'வான் டெர்' ஆகியவை வரிசைக்குக் கணக்கில் வருவதில்லை. அதே சொற்கள் பெல்ஜியத்தின் பிளெமிஷ் பெயர்களிலும் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் பெயர்களிலும் வந்தால் 'வி' எழுத்தில் வரிசைப்படும். பிரெஞ்சில் 'து' (de) என்ற முன்னிடைச்சொல் பின்னே போகும், 'லா' போன்ற சுட்டு முன்னே நிற்கும்: மொழியியலாளர் ஃபெர்தினான் து சோசூர் 'எஸ்' எழுத்தில் வருவார், ழான் து லா ஃபோந்தேன் 'எல்' எழுத்தில் வருவார். தற்கால இத்தாலியப் பெயர்கள் முன்னொட்டின் கீழேயே வரும். இடைக்கால, மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்களுக்கு அந்த விதி பொருந்தாது. லியனார்டோ டா வின்சியை 'வி' எழுத்தில் வைத்த ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். வின்சி அவருடைய ஊர், குடும்பப்பெயர் அன்று, ஆகையால் அவர் 'எல்' எழுத்துக்கு உரியவர்.

நம் பக்கத்து ஆய்வுகளில் மிகுதியாக இடறுவது சில்வா என்ற பெயர். போர்த்துகல், பிரேசில் ஆசிரியரானால் 'டா சில்வா' என்பது 'எஸ்' எழுத்துக்கு உரியது. வாஸ்கோ ட காமா 'ஜி' எழுத்தில் நிற்பதும் இதே மரபால்தான். இலங்கை ஆசிரியரானால் 'டி சில்வா' என்பது முழுமையான குடும்பப்பெயர், ஆகவே 'டி' எழுத்துக்கு உரியது. வரலாற்றறிஞர் கே. எம். டி சில்வாவை 'எஸ்' எழுத்தில் தேடி எவரும் கண்டடைய மாட்டார்கள். பெயர் போர்த்துகீசியக் காலத்தில் வந்தது என்பதற்காக வரிசையும் போர்த்துகீசிய முறையில் இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை இன்று தாங்குபவர்களின் வழக்கே முடிவு.

முடிவு எட்டாத இடங்களில், ஆசிரியரின் நாட்டுத் தேசிய நூலகம் அவரை எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது என்று அதன் இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்வதே விரைவான வழி.

உங்கள் பாணி என்ன சொல்கிறது? ஆசிரியரின் மரபு ஒருபுறம் இருக்க, அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. போன்ற பாணி முன்னொட்டைக் குடும்பப்பெயரின் பகுதியாகக் கொண்டு அதன் எழுத்திலேயே வரிசைப்படுத்தச் சொல்கிறது. அப்படிப்பட்ட பாணியில் நெதர்லாந்து ஆசிரியர் 'வி' எழுத்தில் வந்தால் அது பிழை அன்று. பாணியின் கையேட்டைப் பார்க்காமல் தரவைத் திருத்தத் தொடங்கிப் பாதி நாளை இழந்த ஆய்வாளர்களை அறிவேன்.

ஜோடெரோ என்ற மேற்கோள் மென்பொருளிலும், சி.எஸ்.எல். என்ற பொது வடிவத்தில் எழுதிய பாணிகளைப் படிக்கும் பிற மென்பொருள்களிலும்: குடும்பப்பெயர்ப் பெட்டியின் தொடக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள முன்னொட்டைச் செயலி தானாகப் பிரித்தெடுக்கும். பிரித்தெடுத்ததை என்ன செய்வது என்பதைப் பாணிக்கோப்பில் உள்ள 'டிமோட்-நான்-டிராப்பிங்-பார்ட்டிகிள்' என்ற அமைப்பு முடிவு செய்கிறது. அதன் மதிப்பு 'நெவர்' என்றிருந்தால் முன்னொட்டு முன்னால் அச்சாகி அதன் எழுத்திலேயே வரிசைப்படும். 'சார்ட்-ஒன்லி' என்றிருந்தால் முன்னால் அச்சாகும், வரிசையில் கணக்கிடப்படாது. 'டிஸ்ப்ளே-அண்ட்-சார்ட்' என்றிருந்தால் அச்சிலும் வரிசையிலும் பின்னே போகும்; எதுவும் குறிப்பிடப்படாத பாணியில் இந்த மூன்றாவதே நடக்கும்.

ஒரே ஓர் ஆசிரியருக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டுமானால் பாணியைத் தொட வேண்டாம். குடும்பப்பெயர்ப் பெட்டியில் முன்னொட்டையும் பெயரையும் சேர்த்து நேரான இரட்டை மேற்கோள்குறிக்குள் இடுங்கள். செயலி அதைப் பிரிக்காமல் ஒரே பெயராகக் கொள்ளும். டி சில்வாவுக்கு நான் எப்போதும் இதையே செய்கிறேன். பின்னர் அந்தப் பதிவுகளைப் பிப்டெக் கோப்பாக வெளியேற்றினால், அந்த மேற்கோள்குறி கோப்பில் எஞ்சி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லேட்டெக்கில் பிப்டெக்குக்குப் பின் வந்த பிப்லேட்டெக் தொகுப்பையும், அதற்காக வரிசைப்படுத்தும் நிரலான பைபரையும் பயன்படுத்துவோருக்கு: 'யூஸ்பிரிஃபிக்ஸ்' என்ற விருப்பம் இயல்பாக 'ஃபால்ஸ்' ஆக இருக்கும், அப்போது முன்னொட்டு பின்னே போய்க் குடும்பப்பெயரின் எழுத்தில் வரிசை அமையும். 'ட்ரூ' ஆக்கினால் முன்னே வந்து முன்னொட்டின் எழுத்தில் அமையும். இதை ஆவணம் முழுமைக்கும் அமைக்கலாம், ஒரு பதிவின் 'ஆப்ஷன்ஸ்' பெட்டியில் அந்தப் பதிவுக்கு மட்டும் அமைக்கலாம். ஒரே கட்டுரையை ஒரு செருமானியரும் ஓர் இலங்கையரும் சேர்ந்து எழுதியிருந்தால் பதிவளவிலான அமைப்பும் போதாது. அப்போது குடும்பப்பெயர், முதற்பெயர், முன்னொட்டு ஆகியவற்றைத் தனித்தனியே பெயரிட்டு எழுதும் விரிந்த வடிவத்தைப் பயன்படுத்தி, அந்த ஒரு பெயருக்குள்ளேயே 'யூஸ்பிரிஃபிக்ஸ்' மதிப்பைக் கொடுக்க வேண்டும். முன்னொட்டு முன்னே அச்சாக வேண்டும், வரிசை மட்டும் குடும்பப்பெயரில் வேண்டும் என்றால், ஓரிரு பதிவுகளுக்குச் 'சார்ட்கீ' பெட்டியை நிரப்பினால் போதும். நூல் முழுமைக்கும் அதுவே வேண்டுமானால் வரிசைப்பெயர் வார்ப்புருவை மாற்றி எழுத வேண்டும். லேட்டெக்கில் கை தேர்ந்தவரைக் கேட்க வேண்டிய இடம் அது.

பழைய பிப்டெக்கில்: 'பிளெய்ன்' போன்ற அடிப்படைப் பாணிகள் முன்னொட்டையும் சேர்த்தே வரிசைப்படுத்துகின்றன, இதற்கு எந்த விருப்பமும் கிடையாது. தன்னுள் இட்டதை அச்சிடாமல் விழுங்கிவிடும் சிறு கட்டளை ஒன்றை வரையறுத்து, வரிசைக்கு வேண்டிய சொல்லை அதற்குள் வைத்துப் பெயரின் முன் சேர்ப்பதே நெடுநாள் வழக்கம். இது வேலை செய்யும். ஆயினும் அந்தத் தரவுக் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் பெயர் குப்பையாகத் தெரியும் என்பதால், இத்தகைய பெயர்கள் பத்துக்கு மேல் இருந்தால் பிப்லேட்டெக்குக்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

அரபுப் பெயர்களின் 'அல்-' குறித்து ஒரு சொல். அது பெயரோடு ஒட்டி அச்சாக வேண்டும், வரிசையில் மட்டும் கணக்கிடப்படக் கூடாது. பைபர் இதை இயல்பாகவே செய்கிறது: பெயரின் தொடக்கத்தில் இரண்டு எழுத்தும் ஒரு சிறுகோடும் வந்தால் வரிசையில் அவற்றைத் தள்ளிவிடும். சிறுகோட்டுக்குப் பதிலாக இடைவெளி இட்டிருந்தால் அந்த உதவி கிடைக்காது.

## அறிகுறி 3: பட்டியலில் பெயர் முழுமையாக இருக்கிறது, கட்டுரைக்குள் முன்னொட்டு காணாமல் போகிறது

மகாபாரதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கி, 1973 முதல் 1978 வரை மூன்று தொகுதிகளை வெளியிட்ட ஜே. ஏ. பி. வான் பியூட்டினன், சமற்கிருதத்தையும் பக்தி இலக்கியத்தையும் ஆய்வோர் தவறாமல் மேற்கோள் காட்டும் அறிஞர். நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவரைக் கட்டுரைக்குள் 'பியூட்டினன் 1973' என்று மொட்டையாகக் குறிப்பது பிழை. சோசூரைச் 'சோசூர் 1916' என்று முன்னொட்டின்றிக் குறிப்பது பிழையன்று. பிரெஞ்சு வழக்கில் குடும்பப்பெயர் தனித்து வரும்போது அந்த 'து' விழுந்துவிடும். ஒன்று விழாத முன்னொட்டு, மற்றது விழும் முன்னொட்டு. இந்த வேறுபாட்டை மென்பொருளுக்குச் சொல்லும் முறைதான் இங்கே சிக்கல்.

ஜோடெரோவில் சொல்லும் முறை எளிது. விழாத முன்னொட்டைக் குடும்பப்பெயர்ப் பெட்டியின் தொடக்கத்தில் வையுங்கள். விழும் முன்னொட்டை முதற்பெயர்ப் பெட்டியின் முடிவில் சிறிய எழுத்தில் வையுங்கள். கட்டுரைக்குள் 'வான்' விழுகிறதென்றால், அது முதற்பெயர்ப் பெட்டியில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இரண்டும் சேர்ந்த பெயர்களும் உண்டு: பௌத்த நூல்களின் ஆய்வாளர் லூயி து லா வல்லே பூசான் என்ற பெயரில் 'து' விழும், 'லா' விழாது. எனவே முதற்பெயர்ப் பெட்டியில் 'லூயி து' என்பதும், குடும்பப்பெயர்ப் பெட்டியில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'லா வல்லே பூசான்' என்பதும் நிற்க வேண்டும்.

பிப்லேட்டெக்கில் இதே அறிகுறிக்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன 'யூஸ்பிரிஃபிக்ஸ்' என்பதே. அது 'ஃபால்ஸ்' ஆக இருந்தால் கட்டுரைக்குள்ளும் முன்னொட்டு வராது. பிப்டெக்கில் முன்னொட்டு காற்புள்ளிக்குப் பின் போய்விட்டதா என்று பாருங்கள்.

## அறிகுறி 4: ஒரே ஆசிரியர் இருவராகத் தோன்றுகிறார்

இதற்கு மூன்று வெளிப்பாடுகள் உண்டு. கட்டுரைக்குள் சில இடங்களில் மட்டும் ஆசிரியர் பெயரோடு முதலெழுத்துகள் சேர்ந்து வரும்; ஒரே ஆண்டில் வந்த இரண்டு நூல்களுக்கு 'அ', 'ஆ' போன்ற பிரிப்பெழுத்து விழாது; பட்டியலில் மீண்டும் வரும் பெயருக்குப் பதிலாக நீள்கோடு வர வேண்டிய இடத்தில் முழுப்பெயரே வரும். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு பதிவில் 'வான்' சிறிய எழுத்தில் குடும்பப்பெயர்ப் பெட்டியிலும், மற்றொன்றில் பெரிய எழுத்திலும், இன்னொன்றில் முதற்பெயர்ப் பெட்டியிலும் இருக்கிறது. மென்பொருள் அவரை மூன்று மனிதராகக் கொண்டு, ஒருவரையொருவர் பிரித்துக் காட்ட முதலெழுத்துகளைச் சேர்க்கிறது.

குடும்பப்பெயரின் முக்கியப் பகுதியை மட்டும் தேடுபெட்டியில் இட்டு, வருகிற எல்லாப் பதிவுகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். முதற்பெயரையும் ஒரே அளவில் வையுங்கள். ஒன்றில் முழுப்பெயரும் மற்றொன்றில் முதலெழுத்துகளும் இருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். கண்ணுக்குத் தெரியாத காரணமும் ஒன்று உண்டு. முன்னொட்டுக்கும் பெயருக்கும் இடையில் இயல்பான இடைவெளிக்குப் பதிலாக, பி.டி.எஃப். கோப்பிலிருந்து ஒட்டும்போது வந்த பிரியா இடைவெளி இருக்கலாம். எல்லாம் ஒன்றாகத் தெரிந்தும் பிழை நீடித்தால், அந்த இடைவெளியை அழித்துவிட்டுக் கையால் மீண்டும் தட்டுங்கள்.

## அறிகுறி 5: வாக்கியம் சிறிய எழுத்தில் தொடங்குகிறது

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு மட்டும் உரிய சிக்கல் இது. பிப்லேட்டெக்கிலும், பிப்டெக்கோடு பயன்படும் நாட்பிப் தொகுப்பிலும், மேற்கோள் கட்டளையின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதினால் அந்த இடத்தில் முன்னொட்டும் பெரிய எழுத்தில் அச்சாகும். ஜோடெரோவில் 'ஆசிரியரை விடுக' என்ற தேர்வைக் குறித்து, பெயரைக் கையால் தட்டிக்கொள்ள வேண்டும். இதற்காகத் தரவில் உள்ள பெயரைப் பெரிய எழுத்துக்கு மாற்றிவிடாதீர்கள். அது அறிகுறி 2, 4 ஆகிய இரண்டையும் அழைத்து வரும். நெதர்லாந்து வழக்கில் முதற்பெயரோ முதலெழுத்தோ முன்னால் இல்லாதபோது வாக்கியத்தின் நடுவிலும் 'வான்' பெரிய எழுத்து பெறும் என்பதால், அந்நாட்டு இதழுக்கு எழுதுவோர் இதழின் விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 6: முன்னொட்டே இல்லாத பெயரில் முன்னொட்டு முளைக்கிறது

நிறுவனத்தின் பெயரா? புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பெயரைப் பிரெஞ்சு மொழியில் அப்படியே உள்ளிட்டால், அதன் நடுவில் உள்ள இரண்டு சொற்கள் சிறிய எழுத்தில் தொடங்குகின்றன. பிப்டெக் 'ஆன்ஸ்தித்யு' என்பதை முதற்பெயராகவும், நடுச்சொற்களை முன்னொட்டாகவும், 'பொந்திஷேரி'யைக் குடும்பப்பெயராகவும் கொண்டு, முதற்பெயரை 'ஐ.' என்று சுருக்கியும் விடும். புதுச்சேரி நூல்களை மேற்கோள் காட்டும் தமிழாய்வுகளில் இதை அடிக்கடி காணலாம். நிறுவனப் பெயரை முழுவதும் இன்னுமொரு நெளிவு அடைப்புக்குறிக்குள் இட்டால் தீர்ந்தது. ஜோடெரோவில் பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றுங்கள். எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருளில் நிறுவனப் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி இடுங்கள்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரின் பெயரா? இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலேசியாவில் 'இன்னாரின் மகன்' என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'இன்னாரின் மகள்' என்பதைக் குறிக்கும் 'ஏ/பி', சிங்கப்பூரில் வழங்கும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' ஆகியவை உரோமன் எழுத்தில் பெரும்பாலும் சிறிய எழுத்தில் எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக 'ராமன் ஏ/எல் முத்து' என்ற பெயரைக் காற்புள்ளியின்றி உள்ளிட்டால், 'ஏ/எல்' முன்னொட்டாகவும், தந்தையின் பெயரான முத்து குடும்பப்பெயராகவும் ஆகி, நூலை எழுதிய ராமன் 'ஆர்.' என்ற ஓரெழுத்தாகச் சுருங்கிவிடுகிறார். மேற்கோளில் நிற்பது தந்தையின் பெயர். ஆசிரியர் தலைப்புப் பக்கத்தில் அந்தக் குறியோடு பெயரை அச்சிட்டிருந்தால், முழுப் பெயரையும் ஒரே அலகாக, நெளிவு அடைப்புக்குறிக்குள்ளோ ஒற்றைப் பெட்டியிலோ வையுங்கள். குறியின்றி அச்சிட்டிருந்தால் அவ்வாறே விடுங்கள்; கடவுச்சீட்டில் உள்ளது என்று நாமாகச் சேர்க்கக் கூடாது.

## அறிகுறி 7: தமிழெழுத்தில் உள்ளிட்ட பெயரை மென்பொருள் பிரிப்பதே இல்லை

தமிழ் ஆய்வேட்டின் பட்டியலில் அயல்நாட்டார் பெயரைத் தமிழெழுத்தில் எழுதும்போது, மென்பொருளின் ஊகம் முழுவதும் செயலிழக்கிறது. தமிழில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்ற பிரிவே இல்லாததால், 'வான்' என்பது முன்னொட்டு என்று அதற்கு உணர்த்தும் அடையாளம் எதுவும் இல்லை. காற்புள்ளியின்றி உள்ளிட்டால் 'பியூட்டினன்' மட்டும் குடும்பப்பெயராகி, 'வான்' முதற்பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

பிப்லேட்டெக்கில் முன்னர்ச் சொன்ன விரிந்த வடிவத்தில் முன்னொட்டு இதுவென்று வெளிப்படையாக எழுதிவிடலாம். ஆவண வடிவங்களை மாற்றும் பாண்டாக் நிரலைப் பயன்படுத்துவோர் சி.எஸ்.எல். தரவில் முன்னொட்டுக்கான தனிப் பெட்டியை நிரப்பலாம். ஜோடெரோவில் அத்தகைய பெட்டி இல்லை. ஆகவே அதில் தமிழெழுத்துப் பட்டியலுக்கு முன்னொட்டைக் குடும்பப்பெயரோடு சேர்த்து, 'வான் பியூட்டினன்' என்பதை 'வ' வரிசையிலும், 'தெ நோபிலி' என்பதைத் 'த' வரிசையிலும் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். தமிழ் வாசகர் அவர்களைத் தேடுவதும் அங்கேதான். எந்த முடிவானாலும் அதை ஆய்வேடு முழுவதும் ஒரே சீராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

## அறிகுறி 8: எல்லாம் திருத்தியும் பழைய வடிவமே வருகிறது

லேட்டெக்கில் முன்பு உருவான துணைக்கோப்புகள் எஞ்சியிருக்கும். 'பிபிஎல்' கோப்பை அழித்துவிட்டு, பைபரையோ பிப்டெக்கையோ மீண்டும் ஓட்டி, அதன்பின் ஆவணத்தை இருமுறை தொகுங்கள்.

வேர்டில் ஜோடெரோ பயன்படுத்தினால் முதலில் 'புதுப்பி' பொத்தானை அழுத்துங்கள். அப்படியும் மாறாவிட்டால், அந்த மேற்கோளை யாரோ முன்னரே கையால் திருத்தியிருக்கலாம். அவ்வாறு திருத்திய மேற்கோளைச் செயலி தானாகப் புதுப்பிக்காது. மேற்கோளைத் திறந்து கைத்திருத்தத்தை நீக்க வேண்டும். மூன்றாவது காரணம், அந்த மேற்கோள் உடன் எழுதுபவரின் கணினியிலிருந்து வந்தது என்பது. ஆவணத்துக்குள் பொதிந்திருக்கும் அவருடைய தரவுக்கும் உங்கள் நூலகத்துக்கும் தொடர்பு இருக்காது. அவரிடமே திருத்தச் சொல்லுங்கள், அல்லது உங்கள் பதிவிலிருந்து அந்த மேற்கோளை மீண்டும் செருகுங்கள்.

## பிறரிடம் ஒப்படைக்க வேண்டிய இடம்

தரவு சரியாக இருந்து, பாணியின் நடத்தை மட்டும் தவறாக இருந்தால் பாணிக்கோப்பைத் திருத்த வேண்டும். சி.எஸ்.எல். பாணியில் மேலே சொன்ன ஒரே அமைப்பின் மதிப்பை மாற்றுவது எவராலும் இயலும். ஆனால் கோப்பின் தலைப்பையும் அடையாள முகவரியையும் மாற்றிச் சேமியுங்கள். இல்லையேல் அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பில் உங்கள் மாற்றம் மேலெழுதப்படும். அதற்கு மேல் எது தேவைப்பட்டாலும் பாணி எழுதுவதில் பயிற்சி உள்ளவரிடம் கொடுங்கள். பிப்டெக்கின் பாணிமொழி அடுக்கு முறையில் அமைந்தது. அதில் அரைகுறையாகக் கைவைத்தால் பெயரைத் தவிர மற்றவையும் கெடும்.

அச்சுக்குப் போன படிவத்தில்தான் பிழை தோன்றுகிறது, உங்கள் கோப்பில் இல்லை என்றால், பதிப்பகத்தின் அச்சுக்கோப்பு மாற்றத்தில் அது நேர்ந்திருக்கிறது. மெய்ப்பிலேயே குறித்து அனுப்ப வேண்டும். வெளியான பின் டி.ஓ.ஐ. தரவில் பிழை இருப்பதைக் கண்டால், பதிப்பகம் மட்டுமே அதைத் திருத்தி மீண்டும் அளிக்க முடியும். ஆசிரியரின் வழக்கு எது என்பதிலேயே ஐயம் என்றால், நிரல் அறிந்தவரிடம் போவதால் பயனில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் பட்டியலாக்கப் பிரிவுதான் அதற்கு உரிய இடம்.

யாரிடம் போனாலும் முழு ஆய்வேட்டையும் அனுப்பாதீர்கள். பிழை தெரியும் ஒரு பதிவு, அதே முன்னொட்டு சரியாக வரும் ஒரு பதிவு, முன்னொட்டே இல்லாத ஒரு பதிவு என மூன்றை மட்டும் தனிக் கோப்பில் எடுத்து, பாணியின் பெயர், மென்பொருளின் பதிப்பு எண், இப்போது வரும் வரி, வர வேண்டிய வரி ஆகிய நான்கையும் அதோடு எழுதி, தலைப்புப் பக்கத்தின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.